பூச்சு வெண்கலம்

விசுவகர்மா பூஜையன்று கருவியைத் தொட்டால் சாமி என்ன செய்வார் என்று மினதிக்குத் தெரியாது. புருஷன் நிதாய் என்ன செய்வான் என்பது நன்றாகத் தெரியும். ஒரு வாரம் பேசமாட்டான். எட்டாம் நாள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். அதனால்தான் பாராக்பூரில் அக்கா வீட்டுக்குப் போவதாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பாலிகஞ்சில் அவன் வேலை பார்க்கும் அதே பதினொரு மாடிக் கட்டடத்துக்குள் பின்பக்கமாக நுழைந்து, ஒன்பது மாடி படியேறி வந்து நின்றாள்.

புதுக் கட்டடம். அதில் லிஃப்ட் மாட்டுகிறவன் நிதாய். லிஃப்டின் உட்சுவர்களுக்கு வெண்கலம் பூசுகிறவள் மினதி. வெண்கல நிறப் பெயிண்ட்தானே என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அசல் வெண்கலத்தையே மாவாக்கி, பசையில் குழைத்து, ஒட்டுப்பலகையின் மேல் தெளிப்புத் துப்பாக்கியால் அடிக்கிற வேலை அது. காய்ந்ததும் சாணி மெழுகிய சுவர் மாதிரி இருக்கும். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று முதலாளிகள் முகம் கோணுவார்கள். உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கத்தான் உள்ளேயிருந்து உலோகம் வெளியே வரும். பிறகு மருந்து தடவிக் கறுக்க வைத்து, மேடான இடத்தை மட்டும் மறுபடி மினுக்கினால், நூறு வருஷப் பழசு போல ஆகிவிடும். மூன்று வாரம் தேய்த்திருந்தாள். விரல் நுனியில் ரேகை இருந்த இடமெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. மேலே வார்னிஷ் பூசி மூட வேண்டும். மூடாத வெண்கலத்தில் வேர்வைக் கை பட்டால் ஒரு வாரத்தில் ஐந்து விரலும் பச்சையாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ஆனால் மூன்று நாளாக அடைமழை. ஈரக் காற்றில் பூசினால் வார்னிஷ் பால் கொட்டினாற்போல வெளுத்துப் போகும். காத்திருந்தாள். மழை விட்டது பூஜையன்று காலையில்தான். ஊரெல்லாம் பட்டம் விட வெயில் வந்ததே என்று குதித்தது. மினதிக்கு மட்டும் வயிற்றெரிச்சல். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கட்டடத்துக்காரர்களான கெடியா குடும்பம் மொத்தமும் அந்த லிஃப்டில்தான் ஏறப் போகிறது. அதற்குள் காய வேண்டுமென்றால் இன்று மத்தியானமே பூசியாக வேண்டும்.

நிதாயிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் அன்று விடிந்ததும் முதல் வேலையாக அவளுடைய சாமான் பையை அவன் அள்ளிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தபோதே கேட்கிற ஆசை போய்விட்டது. தேய்ப்பு மெஷின், பெயிண்ட் துப்பாக்கி, எஃகுப் பஞ்சு, மூச்சுக் கவசம் என்று ஒன்றுவிடாமல் குங்குமம் வைத்தான்.

"மாஸ்க்குக்கு எதுக்குங்க பொட்டு?" என்றாள்.

"வருஷம் பூரா உனக்காக உழைக்குதில்ல? இன்னிக்கு அதுக்கும் லீவு."

அவ்வளவும் இப்போது தரைத்தளத்தில், லிஃப்ட் வாசலை ஒட்டி வைத்திருந்த விசுவகர்மாவின் காலடியில் கிடந்தன. மினதியிடம் மிஞ்சியது வார்னிஷ் டின், தின்னர், துணிப்பந்து, பட்டி பூசும் தகடு ஒன்று. அப்புறம் அந்தப் போல்ட். ஒரு சாண் நீளம், நல்ல கனம். லிஃப்ட் வேலையில் மீந்ததை நிதாய் எப்போதோ கொடுத்தது. விரிப்புத் துணி பறக்காமலிருக்க மேலே வைப்பாள். அதைக் கருவி என்று அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

நிதாயின் அப்பா கொல்லர். மருமகள் முதன்முதலில் பூசிய பலகையைக் கொண்டுபோய்க் காட்டியபோது நகத்தால் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தார். "பார்வைக்கு வெண்கலம்தான்மா. ஆனா ஊமை," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்த மனிதரிடமிருந்து ஒரு பழக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள். பட்டறை இரைச்சலில் சம்மட்டி அடிக்கிறவனுக்குப் பேச்சு காதில் விழாது. 'போதும், நிறுத்து' என்பதைப் பெரியவர் தன் கைச் சுத்தியலால் அடைகல்லின் ஓரத்தில் தட்டிச் சொல்லுவார்: ஓங்கி ஒன்று, மெல்ல இரண்டு. சின்ன வயதில் அவருக்குச் சம்மட்டி அடித்தவன் நிதாய். இன்றைக்கும் வீட்டில் அவன் நீட்டி முழக்க ஆரம்பித்தால் மினதி கரண்டியால் தட்டில் அப்படித் தட்டுவாள். பாதி வார்த்தையில் அவன் வாய் மூடும். ஏன் மூடினோம் என்று கொஞ்ச நேரம் அவனுக்கே தெரியாது.

கூட்டம் ஏறிக் கெடுத்துவிடக் கூடாது என்று லிஃப்டைக் காலையிலேயே ஒன்பதாவது மாடியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான் நிதாய். மினதி தன் கைப்பையையும் போனையும் மணல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டாள். ஈர வார்னிஷில் ஒரு தூசி விழுந்தாலும் முகத்தில் பரு வந்தது மாதிரித் தெரியும். அதனால் எப்போதும் செய்கிறபடியே காற்றுத் துவாரங்களின் மேலெல்லாம் டேப் ஒட்டினாள். விசிறி இருந்த வட்டத்துக்குக் காகிதம் வைத்து ஒட்டினாள். எறும்பு நுழைய இடமில்லாமல் எல்லாவற்றையும் அடைத்தாயிற்று. நனைத்த துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

பின்சுவர் முடிந்தது. இடது சுவர் முடிந்தது. வலது சுவரில் கை வைக்கப் போகும்போது லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கிக் கீழே இறங்க ஆரம்பித்தது. கீழே ஏதோ பிள்ளைகள் விளையாட்டாகப் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். ஐயோ, சாமிக்கு முன்னாலேயே போய்க் கதவு திறக்கப் போகிறதே, கையும் துணிப்பந்துமாக நிற்கப் போகிறோமே என்று அவளுக்குக் காது சுட்டது. எட்டு போயிற்று. ஏழு போயிற்று. திடீரென்று லிஃப்ட் வண்டி நின்றது. விளக்கு அணைந்தது.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மொட்டை மாடி மோட்டார் அறையில் பூஜை நேரம். நிதாய் லிஃப்டின் மெயினை அணைத்து மோட்டாருக்கு மாலை போட்டிருக்கிறான். மற்ற நாளாக இருந்தால் வண்டி எங்கே நிற்கிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு தடவை பார்க்காமல் அந்த விசையில் கை வைக்கமாட்டான். இன்றைக்கு இரண்டு கையிலும் மாலை. வண்டியை நாமேதான் மேலே நிறுத்திவிட்டு வந்தோமே என்ற நினைப்பு வேறு.

படிக்கட்டு லிஃப்ட் குழியைச் சுற்றித்தான் இறங்குகிறது. செருப்புச் சத்தம் கேட்டது. நிதாயின் செருப்பு; இடது காலைக் கொஞ்சம் தேய்த்துத்தான் நடப்பான். வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு இறங்கி வந்தான். சுவருக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடலாம் போன்ற தூரத்தில் வந்தான்.

மினதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிடிபட்டுவிடுவோமே என்ற பயம். வேறொன்றுமில்லை. ஒரு நாழிகை போனால் மின்சாரம் வந்துவிடும், அப்புறம் நைசாக வெளியேறிவிடலாம் என்று நினைத்தாள். செருப்புச் சத்தம் இறங்கிப் போய்த் தேய்ந்து மறைந்த பிறகுதான், புருஷன் வீட்டு வழக்கப்படி மாலை போட்ட இயந்திரத்தை மறுநாள் காலை வரை இயக்கமாட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. "ஏங்க!" என்று கத்தினாள். அந்த நொடியில் கீழே ஒலிபெருக்கி ஆரம்பித்தது.

ஆள் உயரப் பெட்டிகள் நான்கு. வாடகைக்கு எடுத்ததற்குப் பழுதில்லாமல் பாடவைப்பது என்று முடிவோடு இருந்தார்கள். அவள் தொண்டை கிழியக் கத்தியது அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. அபாய மணிப் பொத்தானைத் தேடி அமுக்கினாள். அதற்கு பேட்டரி போடுவதே பூஜைக்கு மறுநாள்தான் என்று போன வாரம் நிதாய் சொன்னது அமுக்கின பிறகு ஞாபகம் வந்தது.

இருட்டில் வார்னிஷ் நாற்றம் இரண்டு மடங்கானது. தித்திப்பாக, தொண்டையில் ஒட்டுகிற நாற்றம். டின்னைத் தடவி மூடினாள். தின்னரை இறுக்கித் திருகினாள். என்ன மூடி என்ன, நாறுவது சுவர். பின்சுவரும் இடச் சுவரும் ஈரமாக நின்று ஆவி விட்டுக்கொண்டிருந்தன. தன் கையால் ஒட்டிய டேப்பையெல்லாம் தடவித் தடவிப் பிய்த்தாள். நன்றாகத்தான் ஒட்டியிருந்தாள், நகம் பிய்ந்தது.

இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர்கள் ஒன்றைத் தலையில் அடித்தாற்போல் சொல்லியிருந்தார்கள். முதலில் தலை வலிக்கும். அடுத்தது சிரிப்பு வரும். மூன்றாவது என்ன வரும் என்று உனக்குத் தெரியாது, மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். இந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும், ஆகவே என்ன ஆனாலும் உட்காராதே என்றார்கள். தலை ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்தது. முழங்கால்கள் உட்காரச் சொல்லிக் கெஞ்சின.

கதவின் இடுக்கில் தகட்டைச் செருகி நெம்பினாள். ஒரு முழம் விலகியது. கையை நீட்டினால் செங்கல் சுவர். இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே செங்கலுக்கும் கூரைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. கட்டைவிரல் நுனியில் எம்பி நின்று அங்கே மூக்கை வைத்துக்கொண்டாள். குழிக் காற்று சிமெண்டும் கிரீசுமாக வந்தது. அதைப் போல ருசியான காற்றை அவள் அதற்கு முன் குடித்ததில்லை. ஆனால் எவ்வளவு நேரம் எம்பி நிற்க முடியும்? நாளைக் காலை ஏழு மணி வரையா? கெடியா வீட்டு அம்மாள் பட்டுப் புடவையோடு வந்து நிற்க, கதவு திறந்தால் தான் கிடக்கப் போகும் கோலத்தை நினைத்தாள். அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்றுதான் நிதாய் ராத்திரி வரை நினைப்பான். அவளைத் தேட இந்த உலகத்தில் ஒருவருக்கும் காரணமில்லை. அந்தக் காரணத்தை அவளே பொய் சொல்லி அழித்திருந்தாள்.

போல்ட்டை எடுத்து வலது சுவரில் அடித்தாள். தொப் என்றது. இன்னும் ஓங்கி அடித்தாள். தொப், தொப். பலகை. பார்வைக்கு வெண்கலம், ஆனால் ஊமை. மாமனார் பக்கத்தில் நின்று சொல்வது போலிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் சட்டென்று நிறுத்தினாள்.

இரண்டாவது வந்துவிட்டது.

நிதாய் ஒருநாள் சோறு தின்றுகொண்டே சொன்ன பேச்சு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. லிஃப்ட் ஓடுகிற தண்டவாளம் மேலிருந்து கீழே வரை ஒரே இரும்பு, மொட்டை மாடியில் ஒருவன் தட்டினால் தரைத்தளத்தில் இருக்கிறவனுக்குப் பல் கூசும் என்றான். அந்தத் தண்டவாளம் வலது சுவருக்குப் பின்னால்தான். நடுவில் வண்டியின் இரும்புச் சட்டம். அதற்கு முன்னால் அவளுடைய பலகை.

மூன்று சுவரிலும் அதுதான் நன்றாக வந்த பலகை. மருந்து அவள் நினைத்தபடியே பிடித்து, மழை வரப்போகிற வானம் மாதிரி கறுப்பும் பொன்னுமாகத் திரண்டிருந்தது. அதை முடித்த நாளில் யாருக்கும் தெரியாமல் அதன் முன்னால் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள். இருட்டில் அதைத் தடவினாள். உயிர் போகிற நேரத்தில் இப்படி ஒரு யோசனையா என்று தன்னையே வைதுகொண்டாள். ஆனாலும் யோசித்தாள். பொய் சொல்வானேன், நான்கைந்து மூச்சு யோசித்தாள்.

பிறகு தகட்டை ஓர இடுக்கில் செருகி, போல்ட்டால் அடித்து இறக்கினாள். நெம்பினாள். தகடு வளைந்தது. மறுபடி செருகினாள். பலகையின் மூலை படீரென்று பிளந்து கையோடு வந்தது. ஓரத்தில் உள்ளங்கை கிழிந்து ஈரமானது. வார்னிஷா ரத்தமா என்று பார்க்க வெளிச்சமில்லை. துவாரத்துக்குள் கையை விட்டாள். குளிர்ந்த இரும்பு. அந்த இரும்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே பாடுகிற பாட்டின் தாளம் அதில் அப்படியே ஏறி வந்தது.

உள்ளங்கையை அதன் மேல் வைத்துக் காத்திருந்தாள். பாட்டு நடக்கும்போது தட்டிப் பயனில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி வேண்டும். நடுக்கம் நின்றது. ஓங்கி அடித்தாள். டங்ங்ங் என்று குழி முழுக்க ஒலித்தது. மறுபடி, மறுபடி, பலம் கொண்ட மட்டும்.

அடுத்த பாட்டு வரவில்லை. கேட்டுவிட்டார்கள். இதோ யாராவது குரல் கொடுப்பார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

கீழே சங்கு ஊதினார்கள்.

தொடர்ந்து பெண்களின் குலவை. அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விசுவகர்மாவின் சிலை லிஃப்ட் வாசலிலேயே இருக்கிறது. அவர் நாளில், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, மின்சாரம் அணைத்த குழிக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் வருகிறது. வேறு என்னவென்று நினைப்பார்கள்? "பாபா விசுவகர்மாவுக்கு ஜே!" என்று ஒரு ஆண் குரல் எழுந்தது. கூட்டம் ஜே போட்டது. முதலில் எழுந்த குரலை அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும்.

இரும்பு முன்னைவிட இரண்டு பங்கு நடுங்கத் தொடங்கியது. பாட்டைக் கூட்டிவிட்டார்கள்.

மினதி சரிந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தது சுகமாக இருந்தது. தலைவலி குறைந்தது போலிருந்தது. நாளைக்குக் கெடியா அம்மாள் அந்தத் துவாரத்தைப் பார்த்து என்ன சொல்வாள் என்று ஒரு நினைப்பு வந்து, பாதியில் எங்கோ போயிற்று. உட்காராதே என்று யாரோ சொன்னார்கள். யார் என்று தேடினாள். துண்டின் ஈரம் காய்ந்து மூக்கில் குத்தியது. உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்துவிட்டேன் என்று அலறிக்கொண்டு, ஈரச் சுவரில் கை வழுக்க வழுக்க எழுந்தாள். இடைவெளியில் மூக்கை வைத்து நாலு மூச்சு இழுத்தாள்.

சாமி ஓங்கி அடிப்பார். எவ்வளவு ஓங்கினாலும் அது சாமிதான். சாமி அடிக்காத அடி ஒன்று வேண்டும். அவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று.

நடுக்கம் நிற்கும்வரை இரும்பில் கையை வைத்திருந்தாள். நின்றது. ஓங்கி ஒன்று. மெல்ல இரண்டு. மூச்சு வாங்கி மறுபடி. ஓங்கி ஒன்று, மெல்ல இரண்டு. இரும்பு மறுபடி நடுங்க ஆரம்பித்தது. பாட்டு வந்துவிட்டது. போயிற்று என்று நினைத்தாலும் கை நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள். ஓங்கி ஒன்று, மெல்ல இரண்டு.

பாட்டு பாதி அடியில் அறுந்தது.

இப்போது சங்கும் இல்லை, குலவையும் இல்லை. கீழே ஒரே நிசப்தம். அந்த நிசப்தத்தில் அவன் குரல் குழிக்குள் ஏறி வந்தது. கத்தவில்லை. கேட்கவே பயந்தவன் மாதிரிக் கேட்டான்.

"மினு?"

பதில் சொல்லக் குரல் எழவில்லை. தட்டினாள்.

செருப்பில்லாத கால்கள் படியில் ஏறி ஓடின. பதினொரு மாடி. மின்சாரம் வரவில்லை, அதற்காக அவன் நிற்கவில்லை போலும், மோட்டாரின் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றினான். வண்டி ஒரு சாண் இறங்கியது. நின்றது. இன்னொரு சாண். செங்கல் சுவர் மெல்ல மேலே போக, கீழே ஒரு கோடு வெளிச்சம் வந்தது. காவலாளி ராம்பிலாஸ் ஆறாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தான். அவளைப் பார்த்தவன், "பௌதி, நீங்களா?" என்றான். அண்ணி என்று கூப்பிட்ட அந்த ஆள் இன்னமும் கையைக் கூப்பிக்கொண்டுதான் நின்றான். இழுத்துத் தூக்கி வெளியே விட்டான். ஜன்னல் வழியாக வெயிலும், யாரோ பட்டம் அறுத்த கூச்சலும் வந்தன. மினதி ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு காற்றைத் தின்றாள்.

நிதாய் மேலேயிருந்து இறங்கி வந்தான். கையெல்லாம் கிரீஸ், கிரீஸில் நசுங்கிய சாமந்தி இதழ்கள். மாலை போட்ட சக்கரத்தைத்தான் பிடித்துச் சுற்றியிருக்கிறான். அவளைப் பார்த்தான். திறந்து கிடந்த வண்டிக்குள்ளே பார்த்தான். பிளந்த பலகையையும் அதன் உள்ளே தெரிந்த இரும்பையும் பார்த்தான். வைவான் என்று நினைத்தாள். ஏன் வந்தாய், ஏன் பொய் சொன்னாய், ஏன் தொட்டாய் என்று கேட்பான் என்று நினைத்தாள். அவன் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தான்.

"முதல் தடவையே கேட்டுச்சு மினு. எனக்குத்தான் முதல்ல கேட்டுச்சு. கும்பிட்டேன். நான்தான் சங்கு ஊதச் சொன்னேன். பாட்டை இன்னும் சத்தமா வைங்கடான்னு நான்தான்... நீ உள்ள அடிச்சுக்கிட்டு இருக்க, நான் அங்க நின்னு ஜே போட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான் பாயசம் குடிச்சுக்கிட்டு..."

அவனால் நிறுத்த முடியவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். உதடு கோணி, குரல் உடைந்து, சின்னப் பிள்ளை போல ஏங்கி ஏங்கிச் சொன்னான். நிதாய் இப்படிப் பயந்து மினதி பார்த்ததில்லை. அவளுக்குப் பேச இன்னும் குரல் வரவில்லை. போல்ட் மட்டும் கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. வார்னிஷ் இறுகி விரல்கள் பிரியவில்லை.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் தட்டினாள். ஓங்கி ஒன்று. மெல்ல இரண்டு.

பாதி வார்த்தையில் அவன் வாய் மூடியது.